ஜாதகமும் தராசும்

(திருவொற்றியூரில் தாய்மார்கள் பெருவாரியாகக் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச வந்த விஷயம் குழந்தை வளருவதைப் பற்றியது. "இதில் பேச என்ன இருக்கிறது? மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று சிலர் நினைக்கலாம். தண்ணீரில்லாமல் பட்டுப்போன மரங்களை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை என்றே சொல்லுவோம்.

ராயபுரத்தில் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஒரு குழந்தை பிறந்ததும் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி, "மணி என்ன?" என்பதுதான். நிமிஷம் தப்பாமல் குறித்துக்கொண்டு ஜோசியரிடம் ஓடி, ஆயுசு முழுவதுக்கும் பலன் எழுதி வாங்கி, மஞ்சள் தடவிப் பெட்டியில் பூட்டுகிறோம். நர்சம்மாள் குழந்தையைத் தராசில் வைத்து எடை எழுதிக் கொடுத்த அட்டையோ பரண்மேல் எலி கடித்துக் கிடக்கிறது. இந்த இரண்டு காகிதங்களில் குழந்தையைக் காப்பாற்றக்கூடியது எது என்பதுதான் நமது கேள்வி.

அட்டை சொல்லும் கணக்கு எளிது. பிறக்கும்போது எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது. முதல் சில நாளில் கொஞ்சம் இளைக்கும். பத்து நாளைக்குள் தேறிவிடும். இது இயற்கை. இதற்காகக் கண்ணேறு கழிப்பதும் கழுதைப்பால் தேடுவதும் வீண். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடுவதோ, குழந்தைக்குக் கிடைக்கும் முதல் மருந்தையே கொட்டுவதாகும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். ஐந்தாம் மாதத்தில் பிறந்த எடை இரண்டு மடங்காகும். ஒரு வருஷத்தில் மூன்று மடங்கு. இரண்டு வருஷத்தில் நான்கு மடங்கு. இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். நான்கு மாதத்துக்குள் தலை நிற்கும். எட்டாம் மாதத்தில் தானாக உட்காரும். ஒரு வயதை ஒட்டி நடை பழகும். ஒரு மாதம் முன்பின் ஆனால் பயமில்லை. ஆனால் எடை ஏறாமல் நின்றுவிட்டாலோ, வந்த பேச்சும் நடையும் மறைந்தாலோ, அது கிரகக் கோளாறல்ல. உடனே காட்டவேண்டிய கோளாறு.

நமக்கே நேர்ந்ததைச் சொல்லுகிறோம். நமது மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். நாம் ஊர் ஊராகப் பகுத்தறிவு பேசிக்கொண்டிருந்தோம். வீட்டில் குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. உச்சிக்குழி பள்ளம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் தொக்கம் எடுக்கத் தூக்கிப் போனார்கள். ஊதி எடுத்தவர் ஒரு சோற்றுப் பருக்கையைக் காட்டிக் காசு வாங்கிக்கொண்டார். நாம் திரும்பியபோது இரண்டாம் நாள் இரவு. குழந்தை அழுதது, கண்ணில் நீர் இல்லை. மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே ஒரு நர்சம்மாள் உச்சியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது தொக்கமில்லை ஐயா, தாகம்" என்றார். மகள் பிழைத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் சொன்னதை நமது வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒரு நாளும் சொல்லாத வெட்கம் மட்டும் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

அந்தத் தாகத்துக்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. 1971ல் வங்காளத்து அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன வேளையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானவர்களைப் பிழைக்க வைத்தார். இன்று அந்தப் பொட்டலம் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். அது கிடைக்காத அவசரத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிந்து, குடிக்கவும் முடியாமல் துவண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குத் தூக்குங்கள்.

இனி மூச்சைப் பற்றி. எண்ணூரும் திருவொற்றியூரும் புகையும் லாரித் தூசியும் தின்று வாழும் ஊர்கள். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ந் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். குழந்தை தன் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறது; ஆகவே கெட்ட காற்றிலும் அதற்கே அதிகப் பங்கு. சளி, இருமல் கண்டால் குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தாலும், மூச்சு இழுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்வாங்கினாலும், மந்திரிக்க நேரமில்லை. ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது.

மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு வேறொரு தொல்லை. தனக்கு வந்த நோய், தான் செய்த குற்றத்துக்குத் தண்டனை என்று அந்த வயதில் அதுவாகவே நினைத்துக்கொள்ளும். நாமோ "சாமி கண்ணைக் குத்தும்", "டாக்டர் ஊசி போடுவார்" என்று மிரட்டி அந்தப் பயத்துக்கு உரம் போடுகிறோம். நல்ல நர்சு, "நீ தப்புச் செய்ததால் வந்ததல்ல கண்ணே" என்று சொல்லி, ஊசி வலிக்குமென்றால் வலிக்குமென்றே சொல்லுவார். அந்த யோக்கியப்பொறுப்பு பெற்றவர்களுக்கு வேண்டாமா?

பள்ளிக்கூட வயது பசியின் வயது. 1920லேயே, பி. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை ஆயிரம்விளக்குப் பள்ளியில் பகலுணவு கொடுத்தது. படிப்பு ஏறாதது தலையெழுத்து என்று நம்பியிருந்தால் அவர்கள் சோறு போட்டிருப்பார்களா?

கடைசியாகப் பெண்மக்கள். பெண் பத்து வயதை ஒட்டி, ஆண்பிள்ளைக்கு முன்பாகவே மளமளவென்று வளருகிறாள். அந்த நேரத்தில்தான் அவளுக்குக் கடைசிப் பந்தி வைக்கிறோம். கடன் வாங்கி மஞ்சள் நீராட்டுகிறவர்கள், அவளுக்குக் கீரையும் முட்டையும் இரும்புச்சத்து மாத்திரையும் கிடைக்கிறதா என்று கேட்டீர்களா?

ஆகவே நாம் கேட்டுக்கொள்ளுவது இவ்வளவே. மாதம் ஒரு முறை குழந்தையை அங்கன்வாடித் தராசில் வையுங்கள். தாய் மட்டுமல்ல, தகப்பனும் போகவேண்டும். எடை ஏறவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். காற்றும் தண்ணீரும் கெட்டால், கெடுத்தவனையும் சர்க்காரையும் கூட்டமாய்ப் போய்க் கேளுங்கள். பரண்மேல் கிடக்கும் அட்டையை இன்று இரவே எடுத்துத் தூசி தட்டிப் பாருங்கள். போன மாதத்துக் கட்டம் காலியாக இருந்தால் நாளைக் காலை அங்கன்வாடிக்குப் போங்கள்.