பல் வைத்தியரிடம் முதல் வருகை

பல்நோவு கண்ட பின்னரே பல் வைத்தியரை நாடுவது பலரது வழக்கம். குழந்தையின் முதல் வருகையும் அவ்வாறு அமையுமாயின், வைத்தியரின் நாற்காலியும் நோவும் அதன் மனத்தில் ஒன்றாகப் பதிந்துவிடும். முதற்பல் முளைத்த பின், 1 வயது நிறையுமுன் குழந்தையைக் காட்டுதல் நன்று. அக்காலம் கடந்திருப்பினும், நோவில்லாத ஒரு நாளையே தெரிந்துகொள்ள வேண்டும்.

"குழப்படி செய்தால் பல்லைப் பிடுங்குவிப்பேன்" என வெருட்டும் தாய், உதவ வேண்டியவரைப் பூச்சாண்டியாக்கி விடுகிறாள். "நோகாது, பயப்படாதே" எனத் தேற்றும் தந்தையோ, குழந்தை நினையாத நோவை நினைப்பூட்டி விடுகிறார். "வைத்தியர் உன் பற்களை எண்ணிப் பார்ப்பார்" என்ற எளிய உண்மையே போதும். அதற்கு முன்னர் சில நாட்கள், தாயின் மடியில் தலைசாய்த்து வாய்திறந்து பல் எண்ணும் விளையாட்டை வீட்டிலே பழக்கலாம். பின்னர் குழந்தை தன் பொம்மைக்கு வைத்தியராகட்டும்.

"விழும் பல்தானே" என்று வாளாவிருத்தலும் தகாது. 20 பாற்பற்களும் நிலையான பற்களுக்கு இடம் காத்து நிற்பவை. ஏறக்குறைய 6 வயதில் அவற்றின் பின்னே முளைக்கும் கடைவாய்ப்பல் பாற்பல் அன்று; அதை இழந்தால் மறுபடி முளையாது.

உறக்கமும் பசியும் வருத்தாத காலை வேளையே செல்வதற்கு உகந்தது. அங்கே குழந்தை அழுதாலும் கடிந்துகொள்ளலாகாது. சிறிது நேரம் வாய்திறந்து காட்டியதற்கு மனமாரப் பாராட்டினாற் போதும்; இனிப்புப் பண்டம் வேண்டுவதில்லை. அச்சமின்றி ஒருமுறை சென்று வந்த குழந்தை, பின்னாளில் பல் நொந்தால் அதை மறைக்காது.