தூங்கிப்போன கணக்கு

(தஞ்சாவூரில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை பத்திப் பேசத்தான் கூப்பிட்டீங்க. பகல் முழுக்க நான் உட்கார்ந்திருக்கிறது பாங்க் கவுண்டர்ல. அதனால கணக்கு பத்தியே பேசிடுறேன்.

பள்ளிக்கூடத்துக்கு அரசுப்பணம் தவணையாகத்தான் வருகிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40. முந்தின தவணைக்குப் பயன்பாட்டுச் சான்று போகலைன்னா அடுத்த தவணை நிக்கும். சான்று எழுதாமல் விட்டது அதிகாரி. நிக்கிறது பிள்ளைங்க பணம். அதிகாரி சம்பளம் மாசக் கடைசியில தவறாம வந்துடும்.

2024-25இல் காகிதம் தாமதம்கூட இல்லை. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2,152 கோடி ரூபாயை நிறுத்தினார்கள். 2025 மே மாதம் மாநில அரசு உச்சநீதிமன்றம் போனது. நியாயமான வழக்குதான். காகிதத்தைக் காட்டி மேலேயிருப்பவன் பணத்தை நிறுத்தினால் எப்படி வலிக்கும்னு கோட்டைக்குத் தெரிஞ்சுது. நம்ம சேரிக்கு அது எப்பவோ தெரியும்.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை எடுத்துக்குங்க. அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, 1944இல் தொடங்கியது. அதுக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று வேணும். தை மாசம், சம்பா அறுவடை. வருசத்துல கூலி கிடைக்கிறதே அப்பதான். அந்த ஒரு நாள் கூலியை விட்டுட்டு அம்மா வி.ஏ.ஓ.வைத் தேடிப் போகணும். கடைசித் தேதி தப்பினால் போச்சு. அரசு பணம் போட ஏன் ஒரு கடைசித் தேதி இல்லை?

என் கவுண்டருக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. பதினொண்ணாவதுல உதவித்தொகைக்காகத் தொடங்கின கணக்கு. ரெண்டு வருசமாப் பணமே வரலை. வரவு செலவு இல்லாததால கணக்கு முடங்கிடுச்சு. அப்புறம் வந்த பணம் திரும்பிப் போயிடுச்சு. பணம் வராததால கணக்கு செத்தது, கணக்கு செத்ததால பணம் வரலை! 'கே.ஒய்.சி. கொண்டு வாம்மா'ன்னு அனுப்பினவன் நான்தான். உதவித்தொகைக் கணக்குகளை அப்படி முடக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை இருக்கு. அன்னைக்கு நான் அதைப் படிச்சிருக்கலை. நம்ம ஆளு ஒருத்தன் கவுண்டர்ல இருந்தும் இதுதான் நடந்தது. அந்தப் பொண்ணு மறுபடி வரவேயில்லை.

இப்ப அந்தச் சுற்றறிக்கை நகல் என் பையிலேயே இருக்கு. முடங்கின பாஸ்புக் வச்சிருக்கவங்க கூட்டம் முடிஞ்சதும் வாங்க, மனு எழுதிக்கலாம். இன்னொன்னு: உங்க ஊர்ப் பள்ளிப் பணத்துக்கான பயன்பாட்டுச் சான்று எந்தத் தேதியில் போச்சு? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோட கேளுங்க. தேதியைக் கேளுங்க, காரணத்தை அப்புறம் பாத்துக்கலாம்.