குளவிக்குப் பிறவி ஜாதி உண்டா?

(மூங்கில்துறைப்பட்டில் நடந்த பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் குளவி. ஜாதியைப் பற்றிப் பேச வந்தவன் பூச்சியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். நம்மை ஏய்ப்பவர்கள் பூச்சியையும் விட்டுவைக்கவில்லை என்பதனாலேயே இதை எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

குளவி ஒரு புழுவை மண்கூட்டில் அடைத்துக் கொட்டக் கொட்ட, அந்தப் புழுவே குளவியாகிவிடும் என்றும், அதுபோலக் குருவையே நினைத்திருக்கும் சீஷன் குருவாகிவிடுவான் என்றும் காலட்சேபக்காரர்கள் வெகு காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் கூட்டை உடைத்துப் பார்த்தால் சங்கதி வெளியாகிவிடும். குளவி கொட்டுவது புழுவை அசையாமற் செய்வதற்கே. கூட்டில் தன் முட்டையையும் வைத்து, வாயிலை மண்ணால் பூசிவிட்டுப் போய்விடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து வெளியே வருகிறது. ஆகவே சீஷன் குருவாகவில்லை. குருவின் பிள்ளைக்கு ஆகாரமானான் என்றுதான் ஏற்படுகிறது. அந்த வகையில் உவமை மெத்தப் பொருத்தமே!

இனி இரண்டாவது புரட்டு. எறும்பிலும் தேனீயிலும் ராணி உண்டு, வேலைக்காரி உண்டு. ஆகவே ஜாதி இயற்கையின் ஏற்பாடு என்று படித்த சனாதனிகள் பேசுகிறார்கள். மேல்நாட்டார் நம் ஜாதியைக் குறிக்க வழங்கிய ‘காஸ்ட்’ என்ற சொல்லையே பூச்சிகளுக்கும் சூட்டிவிட்டது இவர்களுக்கு வாய்ப்பாகிவிட்டது. ஆனால் தேனீயில் ராணியாகும் முட்டையும் வேலைக்காரியாகும் முட்டையும் ஒரே வகை முட்டைதான். எந்தப் புழுவுக்கு ராணித் தீனி இடைவிடாது ஊட்டப்படுகிறதோ அது ராணியாகிறது.

இதைவிடத் தெளிவான அத்தாட்சி, நம் வீட்டு ஜன்னல் மூலைகளிலேயே காகிதம் போன்ற கூடு கட்டும் ஒரு குளவியிடம் இருக்கிறது. ரோபலிடியா மார்ஜினேட்டா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். 1953இல் கான்பூரில் பிறந்த தோழர் ராகவேந்திர கதக்கர், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிரியலில் 1979இல் டாக்டர் பட்டம் பெற்றவர். படிக்கும்போதே பொழுதுபோக்காகக் குளவிக் கூடுகளைக் கவனித்து வந்த அவர், பிறகு அந்தக் குளவியையே வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிக்கொண்டார். ஒவ்வொரு குளவிக்கும் வர்ணப் பொட்டு வைத்து அடையாளம் செய்து, எது என்ன செய்கிறது என்று மணிக்கணக்கில் குறித்து வருவதே முறை. இதன் முடிவுகளை 2001இல் பெரிய நூலாகவும் வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன? கூட்டில் முட்டையிடுவது ராணி ஒருத்தியே. ஆனால் அவளுக்கும் வேலைக்காரிக்கும் உருவத்தில் வேற்றுமை தெரிவதில்லை. அவள் அதட்டி ஆள்பவளுமல்ல, சாதுவாய் உட்கார்ந்திருப்பவள். கூட்டில் அவள் தேய்த்துப் பூசும் ஒரு சுரப்பின் வாசனையே ‘ராணி இருக்கிறாள்’ என்று அறிவிக்கிறது. தெய்வ கடாட்சம் எதுவுமில்லை. அவளை எடுத்துவிட்டால் சில நிமிஷங்களில் வேலைக்காரிகளில் ஒருத்தி மற்றவர்களை மிரட்டத் தொடங்குகிறாள். ராணி திரும்பாவிட்டால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவளே முட்டையிட்டுத் தானும் சாதுவாகிவிடுகிறாள். நேற்று வேலைக்காரி, அடுத்த வாரம் ராணி! அந்த ஒருத்தி யார் என்று முன்கூட்டிச் சொல்ல ஆராய்ச்சியாளராலும் முடியவில்லை. நம் ஜோசியரைக் கூப்பிட்டிருந்தால் அத்தனை குளவிக்கும் ராஜயோகம் சொல்லித் தட்சணை வாங்கியிருப்பார்.

புதிதாய்ப் பிறந்த பெண்குளவிகளைத் தனித்தனியே வைத்துப் பார்த்ததில் ஏறத்தாழப் பாதிதானே முட்டையிட்டன, அது பிறவி பேதமல்லவா என்று ஒரு சனாதனி கேட்கலாம். அதையும் கதக்கர் குழுவினர் ஆராய்ந்து, புழுப்பருவத்தில் கிடைத்த தீனிக்கு அதில் பங்குண்டு என்று 1991இல் வெளியிட்டார்கள்.

குளவியைப் பார்த்து மனிதன் நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் சனாதனியின் புரட்டையே நானும் செய்தவனாவேன். குளவிக்குப் பள்ளிக்கூடமில்லை, சட்டமில்லை, நமக்கு உண்டு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, உடைத்துப் பார்த்து முடிவு செய்யும் முறையையே.

அந்த முறையின் பலன் உங்களுக்குத் தெரியாததல்ல. இவ்வூர் ஆலைக்குக் கரும்பு பயிரிடும் தோழர்கள் இடைக்கணுப் புழுவுக்காகச் சோகையில் கட்டும் ஒட்டுண்ணி அட்டையிலிருந்து வருவதும் ஒரு குட்டிக் குளவியே. அது அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்து, புழு பிறக்குமுன்பே அழித்துவிடுகிறது. இதை எந்த மந்திரம் சொல்லிக்கொடுத்தது? எந்தப் புராணத்தில் இருக்கிறது?

வயலுக்கு விஞ்ஞானத்தையும் வீட்டுக்கு வருணாசிரமத்தையும் வைத்துக்கொள்வது எந்த நியாயம்? கரும்பு வெட்டுகிறவர் மகளும் கல்வராயன் மலைப் பிள்ளையும் ‘பிறவியிலேயே இப்படி’ என்று இனி யாராவது சொன்னால், அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த சோறு எவ்வளவு, படிப்பு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். சோற்றையும் படிப்பையும் சமமாகக் கொடுத்துப் பார்த்த பிறகு பிறவியைப் பற்றிப் பேச வரட்டும் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறேன்.