பழைய படகும் பழைய நண்பர்களும்

(நமது சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் இயற்பியல் பிரிவு முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் போன வாரம் போன் பண்ணி, "நீங்க அந்தப் படகு விஷயத்தைப் பத்திப் பேசுங்க சார், எல்லாரும் பேங்க் லோன் பத்தியே பேசறாங்க" என்றார். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவனிடம் இப்படிச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். இருந்தாலும் அவர் கேட்டது நியாயம். படகு விஷயத்தில் இந்தச் சபையில் சொல்ல வேண்டிய பாக்கி ஒன்று என்னிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் 1984-ல் வெளியே போன செட். கொளவாய் ஏரிக் கரையில் உட்கார்ந்து, இந்த ஏரியில் ஒரு பாய்மரப் படகு விட்டால் எப்படி இருக்கும் என்று பேசிய மூன்று பேரில் நான் ஒருவன். இன்னொருவர் கெமிஸ்ட்ரி. மூன்றாமவர் காமர்ஸ். பெயர் சொல்ல வேண்டாம் என்று இருவரும் கண்டிஷன் போட்டிருப்பதால் இன்று முழுக்க அவர்கள் கெமிஸ்ட்ரி, காமர்ஸ்தான்.

அந்தப் பேச்சு பேச்சாகவே போயிருக்கும். ஆனால் 1987 ஜனவரியில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. நமது தரைப்படையின் பொறியாளர் பிரிவைச் சேர்ந்தவர்கள் 'திரிஷ்ணா' என்ற பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றிவிட்டு பம்பாய் திரும்பினார்கள். 1985 செப்டம்பர் 28-ல் கிளம்பி 1987 ஜனவரி 10-ல் வந்து சேர்ந்தார்கள். அதில் என்னைப் பிடித்து உலுக்கிய விஷயம், அது புதுப் படகு இல்லை என்பதுதான். 37 அடிப் படகு, இங்கிலாந்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. யாரோ ஓட்டிக் கழித்த படகை வாங்கி, சரி பண்ணி, உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறார்கள்! கெமிஸ்ட்ரி அந்தப் பேப்பரைக் கத்தரித்துப் பர்சில் வைத்துக்கொண்டார்.

அது ஏதோ அந்தக் காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2022-ல் தொடங்கிய கோல்டன் குளோப் போட்டியில், தனி ஆளாக, எங்கும் கரையில் நிற்காமல் உலகத்தைச் சுற்ற வேண்டும். 1988-க்கு முன்னால் வடிவமைக்கப்பட்ட படகு மாதிரிகளுக்கு மட்டும்தான் அதில் அனுமதி. 2023 ஏப்ரலில் முதலாவதாக வந்த தென்னாப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் ஒரு பழைய படகை வாங்கி, கனடாவில் மாதக்கணக்கில் பழுது பார்த்துத்தான் போட்டிக்கு வந்தார். இரண்டாவதாக வந்தவர் நமது கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி. அதே மனிதர் 2018 போட்டியில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, தெற்கு இந்தியப் பெருங்கடலில் படுத்த படுக்கையாக மீட்கப்பட்டவர். பாய்மரம் முறிவது என்றால் என்ன என்பது எனக்கும் கொஞ்சம் தெரியும். அதற்கு வருகிறேன்.

2009-ல், பிள்ளைகள் படிப்பு ஒரு வழியாக நிலைக்கு வந்த பிறகு, மூன்று பேரும் பங்கு போட்டு ஒரு படகு வாங்கினோம். மும்பைப் பக்கம் கிடைத்தது. 21 அடி நீளம், பைபர் உடம்பு, இருபத்தைந்து வயசு. அடியில் ஏற்றி இறக்கும் இரும்புப் பலகை இருந்ததால் மணல் கரையில் இழுத்துப் போடலாம். நம்ம கடற்கரைக்கு அதுதான் லாயக்கு. ஆழமான அடிப்பாகம் உள்ள படகுக்குத் துறைமுகம் வேண்டும். விலை ஒரு லட்சத்து அறுபதாயிரம், லாரி வாடகை நாற்பதாயிரம். கோவளம் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் கொண்டு வந்து இறக்கினோம். பொருளாளர் நான். வங்கிக்காரன் ஆயிற்றே!

பழைய படகு வாங்க ஆசைப்படும் தம்பிமார்கள் இங்கே இருந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் காகிதம். விற்ற ரசீது, பதிவு விவரம், இதற்கு முன் யார் யாரிடம் இருந்தது என்பது எல்லாம் கைக்கு வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த படகு என்றால் சுங்க வரி கட்டிய ரசீது கட்டாயம். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்றால் வணக்கம் போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது, படகின் உடம்பு. சின்ன மரச் சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். சந்தையில் தேங்காய் தட்டிப் பார்க்கிறோமே, அதே மாதிரி. கணீர் என்று கேட்டால் நல்ல இடம், மொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது. அடிப்பாகத்தில் அம்மைக் கொப்புளம் போல் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். கொப்புளத்தைக் குத்தினால் வினிகர் வாசனை வரும். அதனால் படகே வீண் என்று இல்லை. சுரண்டி, கழுவி, நன்றாகக் காய வைத்து, எபாக்ஸி பூச வேண்டும். காய்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். நம்ம ஊரில் சித்திரை, வைகாசி வெயில்தான் அதற்கு ஏற்ற காலம்.

மூன்றாவது, மேல்தளம். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். கால் வைத்த இடம் மெத்தென்று அமுங்கினால் உள்ளே இருக்கும் மரம் ஊறிப் போயிருக்கிறது. பெரும்பாலும் போல்ட் போட்ட ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்கும்.

நான்காவது, சுக்கானும் அடிப்பலகையும். சுக்கானைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் அதைத் தாங்கும் கொக்கிகள் தேய்ந்திருக்கின்றன.

ஐந்தாவது, எஞ்சின். நம்ம மீனவர்கள் எந்த எஞ்சின் வைத்திருக்கிறார்களோ அதையே வாங்குங்கள். நடுராத்திரியில் ரிப்பேர் என்றால் ஜப்பானிலிருந்து ஆள் வரமாட்டார். பக்கத்துக் குப்பத்து மெக்கானிக்தான் வருவார். ஒவ்வொரு தடவையும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவ வேண்டும்.

ஆறாவதைத்தான் நாங்கள் பார்க்கவில்லை.

பாய்மரம் தானாக நிற்பதில்லை. முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் கம்பி வடங்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பக்கத்துக் கம்பிகள் வந்து முடிவது ஒரு பட்டையில். அந்தப் பட்டை மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி, உள்ளே குறுக்குப் பலகையில் போல்ட் போட்டிருக்கும். பார்க்கப் பளபளவென்று எவர்சில்வர். எவர்சில்வர் என்று நாம் வைத்த பெயரே ஏமாற்று, நண்பர்களே! அதற்குத் துருப்பிடிக்காத தோல் ஒன்று உண்டு. ஆனால் அந்தத் தோல் நிலைக்கக் காற்றில் உள்ள ஆக்சிஜன் வேண்டும். இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கி, காற்றுப் படாமல் கிடந்தால் தோல் போய்விடும். வெளியே பளபளப்பு, உள்ளே பொத்தல். இது எனக்கு இன்று தெரியும். கெமிஸ்ட்ரிக்கு அன்றே தெரியும்.

அவர் சொன்னார்: "டேய், அந்தப் பட்டையை ஒரு தடவை கழட்டிப் பாத்துடலாம்டா. புதுசா 316 கிரேடுல அடிச்சுப் போட்டா மொத்தம் ஆறாயிரம் ஆகும்."

நான் பணம் தர மறுத்தேன். குறுக்குப் பலகையைப் பிரிக்க வேண்டும், ஆசாரி கூலி வேறு, பொங்கலுக்குள் கடலில் இறக்க முடியாது என்று காரணம் சொன்னேன். அதே வாரத்தில் புதுப் பாய்க்கும் பெயிண்டுக்கும் தொண்ணூறாயிரத்துக்குச் செக் எழுதியவனும் நான்தான். வெள்ளைப் பாயும் நீலப் பெயிண்டுமாகப் போட்டோ எடுக்க வேண்டும் என்று ஆசை.

2010 ஜனவரி, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. கிராமத்து ஆட்கள் பத்துப் பேரும் ஒரு டிராக்டருமாகச் சேர்ந்து இறக்கிவிட்டார்கள். நல்ல வாடைக் காற்று. கோவளத்திலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர், மாமல்லபுரம் வரை போய் வருவதாகத் திட்டம். கரையில் திருவிடந்தை, பட்டிபுலம் எல்லாம் வரிசையாகக் கடந்து போயின. கடற்கரைக் கோயில் கண்ணுக்குத் தெரிந்ததும் காமர்ஸ் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தச் சமயத்தில்தான் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம்.

காற்றடித்த பக்கத்துப் பட்டை இரண்டாகப் போய்விட்டது. பாய்மரம் கம்பி, பாய் எல்லாவற்றோடும் மறுபக்கம் சாய்ந்தது. கெமிஸ்ட்ரியின் வலது கை மரத்துக்கும் படகு விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எஞ்சினைப் போடலாம் என்றால் பாயும் கயிறும் தண்ணீரில் பரவிக் கிடக்கின்றன, விசிறியில் சுற்றிவிடும். கம்பியை வெட்ட எங்களிடம் கட்டர்கூட இல்லை. காற்று எங்களைக் கல்பாக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மீனவர் பைபர் படகு பார்த்துவிட்டு வந்தது. மூவரும் லைப் ஜாக்கெட் போட்டிருந்தோம். நாங்கள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். அந்தப் படகுக்காரப் பெரியவர் ஒரு பைசா வாங்கவில்லை. உடைந்த பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், எங்கப்பா காலத்துல கட்டுமரம். கரைக்கு வந்ததும் கயித்தை அவுத்து, மரத்தைத் தனித்தனியாப் பிரிச்சு மணல்ல காயப் போட்டுடுவோம். மறுநாள் திரும்பக் கட்டணும். கட்டுமரத்துல எதுவும் ஒளிஞ்சிருக்க முடியாது சார். உங்க படகுல எல்லாம் மூடி மூடி வச்சிருக்கு" என்றார். நான் "ஆமாண்ணே" என்றேன். வேறு என்ன சொல்ல?

கெமிஸ்ட்ரிக்கு இரண்டு விரல்கள் முறிந்தன. ஒன்று இன்றைக்கும் முழுசாக மடங்காது. கரும்பலகையில் எழுதிப் பிழைக்கிற ஆசிரியரின் வலது கை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி என்னிடம், "அண்ணா, இனிமே இவரைப் படகுக்குக் கூப்பிடாதீங்க" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதன் பிறகு மூன்று வருஷம் நானும் கெமிஸ்ட்ரியும் சரியாகப் பேசவில்லை. நம் சங்கக் கூட்டத்துக்கு அவர் வந்தால் நான் வரமாட்டேன்.

படகைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாம் என்று காமர்ஸ் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. இந்தத் தடவை வரிசையை மாற்றினேன். முதல் செலவு, கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு. எல்லாப் பட்டைகளையும் கழற்றி 316 கிரேடில் புதிதாக அடித்தோம். வீட்டுப் பாத்திரத்துக்கு வருவது பெரும்பாலும் 304. உப்புக் காற்றைத் தாங்க மாலிப்டினம் கலந்த 316 வேண்டும். கம்பிகள் அத்தனையும் புதுசு. நன்றாகத் தெரியும் கம்பியைக்கூடப் பத்து வருஷத்துக்கு மேல் நம்பக்கூடாது. வருஷம் ஒரு முறை பஞ்சை வைத்துக் கம்பி மேல் உருவிப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் ஓர் இழை அறுந்திருக்கிறது, கம்பியை மாற்ற வேண்டும். குறுக்குப் பலகையில் திறந்து பார்க்கிற மாதிரி ஒரு கதவு வைத்தோம். பெரியவர் சொன்ன கட்டுமர யோசனை அது. பெயிண்ட் கடைசி. இன்றும் பாதிப் படகு பழைய நிறம்தான்.

இதெல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஆகவே தம்பிமார்களே, கையில் மூன்று லட்சம் இருந்தால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் படகு பார்க்காதீர்கள். மீதி, அந்தப் படகு உங்களுக்கு முன்னால் பட்ட கடன். அடைக்காமல் கடலுக்குப் போனால் கடல் வசூல் பண்ணிவிடும்.

2013-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோப்பில் நான் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கெமிஸ்ட்ரி வந்து நின்றார். காமர்ஸ் சொல்லித்தான் வந்திருக்க வேண்டும். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஸ்பானரை நீட்டினேன். இடது கையால் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, பட்டையைப் பார்த்து, திரும்ப மாட்டினார். மூன்று மணி நேரம். கடைசியில், "இப்ப சரி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் மழைக்காலம் முடிந்ததும் அவர் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் படகு தண்ணீரில் இறங்கும். அவர் மட்டும் ஏறுவதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. தங்கச்சியிடம் கொடுத்த வார்த்தை.

அந்த உடைந்த பட்டை இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். முன்பக்கம் இப்போதும் பளபளப்பாகத்தான் இருக்கும், திருப்பிப் பாருங்கள்.

நான் சொல்ல வேண்டிய பாக்கியையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஆறாயிரம் ரூபாய் தர மறுத்தது யார் என்று இத்தனை வருஷத்தில் கெமிஸ்ட்ரி யாரிடமும் சொன்னதில்லை. "மூணு பேரும் கவனிக்கலை" என்றே எல்லாரிடமும் சொல்லி வந்தார். அது உண்மை இல்லை. அவர் கவனித்தார், சொன்னார், நான்தான் கேட்கவில்லை. நம் பேராசிரியர்கள் முன்னிலையில் இதைச் சொல்வதுதான் முறை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். படகில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.