வெட்டுப்புள்ளிக்குக் காத்திருக்கும் வீடுகளுக்கு

(திருகோணமலையில் நடந்த சங்கக் குடும்ப ஒன்றுகூடலில் கிளை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



ராத்திரி முழுக்க பஸ்ஸில் இருந்துவிட்டு, காலையில் கோணேசர் கோயிலுக்கும் ஏறி இறங்கி, களைப்போடு உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசுகிறேன். இந்தக் கூட்டத்தில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தும், பல்கலைக்கழகம் கிடைக்குமா என்று தெரியாமல் இருக்கிற பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் அவர்களுடைய அப்பா அம்மாவுக்காகவும் பேசச் சொன்னார்கள்.

நான் வாத்தியார் அல்ல. திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் மூட்டை தூக்கியவன். என் அம்மா கொழுந்து எடுத்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் திருகோணமலைக்கும் வந்த எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் மகளின் விண்ணப்பத்துக்காக அலைந்து அலைந்துதான் இந்த விஷயங்களைத் தெரிந்துகொண்டேன்.

இந்தப் பிள்ளைகள் எழுதியது 2024 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை. நவம்பர் கடைசியில் தொடங்கி, வெள்ளத்தால் சில நாள் நிறுத்தப்பட்டு, மறுபடி நடந்தது. 2025 ஏப்ரல் கடைசியில் பெறுபேறு வந்தது. 1 இலட்சத்து 77 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பல்கலைக்கழகம் போகத் தகுதி என்று அறிவித்தார்கள். ஆனால் அரச பல்கலைக்கழகங்களில் இருக்கிற இடங்கள், தகுதி பெற்றவர்களில் ஏறத்தாழ நாலு பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான். "தகுதி" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு நாம் லயத்தில் வெடி கொளுத்துகிறோம். பிறகு வெட்டுப்புள்ளி வந்ததும் பிள்ளை பெயிலாகிவிட்டது என்று நினைக்கிறோம். இரண்டுமே பிழை. பிள்ளை பரீட்சையில் தேறியது உண்மை. இடம் போதாது என்பதும் உண்மை. இடம் போதாததற்குப் பிள்ளை பொறுப்பில்லை.

அடுத்தது இசட் புள்ளி. "மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு ஏன் கேட்டது கிடைக்கவில்லை?" என்று பல பேர் கேட்கிறார்கள். நமக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறேன். மழைக்காலத்தில் கொழுந்து தளதளவென்று வரும்போது எல்லோரும் 25 கிலோ எடுக்கிற மலையில் ஒருவர் 25 கிலோ எடுத்தால் அது பெரிய காரியம் இல்லை. வறட்சியில் எல்லோரும் 12 கிலோவோடு நிற்கும்போது ஒருவர் 20 கிலோ நிறுத்தால் அவர்தான் கெட்டிக்காரர். தராசு முள்ளை மட்டும் பார்த்தால் இது விளங்காது. மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

இசட் புள்ளியும் அப்படித்தான். ஒரு பாடத்தில் எல்லோருடைய சராசரி 40, புள்ளிகளின் பரவல் அளவு 15 என்று வையுங்கள். அதில் 70 எடுத்த பிள்ளைக்கு 70 இலிருந்து 40 ஐக் கழித்து, 15 ஆல் வகுத்து, 2 வரும். இன்னொரு பாடத்தில் சராசரி 60, பரவல் 10. அதிலும் 70 எடுத்தால் வருவது 1 தான். புள்ளி ஒன்று, மதிப்பு வேறு. இப்படி மூன்று பாடத்துக்கும் கணக்குப் பார்த்து, அதன் சராசரியை எடுத்து, தசமத்துக்குப் பிறகு நாலு இலக்கத்தோடு கொடுக்கிறார்கள். 2001 ஆம் ஆண்டிலிருந்து இந்த முறை நடக்கிறது.

இந்தக் கணக்கிலும் பிழை நடந்திருக்கிறது. 2011 ஆகஸ்டில் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதிய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் பரீட்சை எழுதியது. இரண்டு வேறு வினாத்தாள். ஆனால் எல்லோரையும் ஒன்றாகப் போட்டு இசட் புள்ளி கணித்தார்கள். மழைக்காலக் கொழுந்தையும் வறட்சிக் கொழுந்தையும் ஒரே சாக்கில் போட்டு நிறுத்த மாதிரி. பிள்ளைகள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூனில், இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் கணிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வருஷத்துப் பிள்ளைகள் காத்திருந்த காலம் கொஞ்சநஞ்சமில்லை. பெரிய இடத்துக் கணக்கு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு இருக்கத் தேவையில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் கேட்கலாம். மீள்திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குத் திகதி இருக்கிறது, அதை விடக்கூடாது.

இனி மாவட்ட ஒதுக்கீடு. பெரும்பாலான துறைகளில் 100 இடம் இருந்தால் 40 இடம் அகில இலங்கைத் திறமை வரிசையில் போகும். 55 இடத்தை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பிரிப்பார்கள். மிச்சம் 5 இடம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அதில் இருக்கிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரியும் இருக்கின்றன.

இந்த ஒதுக்கீட்டுக்குப் பின்னால் கசப்பான வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்து, தமிழ்ப் பிள்ளைகள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டிய நிலை உண்டானது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அந்தச் சண்டையில் நம்முடைய தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச என்ன இருந்தது? 1945 இல் இலவசக் கல்வி வந்தது, 1948 இல் நம்முடைய குடியுரிமை போனது. தோட்டப் பாடசாலை ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அரசாங்கம் அந்தப் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்ததே 1970களில்தான். பல்கலைக்கழக வாசலுக்கு நாம் பிந்தி வந்தவர்கள்.

இன்றும் ஒரு குறை இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் மாவட்டத்துக்குள்ளே தோட்டத்துப் பிள்ளைக்கென்று ஒன்றும் இல்லை. நுவரெலியாவில் டிவிஷனிலிருந்து நடந்து வருகிற பிள்ளையும் டவுனில் டியூஷன் போகிற பிள்ளையும் ஒரே வரிசை. இங்கே மூதூருக்கு அப்பாலும் குச்சவெளிப் பக்கமும் இருக்கிற பிள்ளைக்கும் டவுன் பிள்ளைக்கும் அதே கதை. தமிழில் பௌதிகமும் இரசாயனமும் இணைந்த கணிதமும் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு ஒதுக்கீடு வந்து என்ன செய்யும்? அதனால்தான் நம் சங்கம் சம்பளத்தைப் போலவே ஆசிரியர் நியமனத்தையும் கோரிக்கையில் வைக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வருகிறேன்.

மாவட்டம் பற்றி இன்னொன்று. பரீட்சைக்கு முந்திய மூன்று வருஷம் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதை வைத்துத்தான் மாவட்டத்தைத் தீர்மானிக்கிறார்கள். அத்தை வீட்டில் விட்டுப் படிக்க வைப்பதும், இடையில் கூட்டி வருவதும் நம்மிடம் சகஜம். அப்படி மாற்றினால் பாடசாலை விடுகைப் பத்திரங்களைப் பத்திரமாக வையுங்கள்.

பெயர் விஷயமும் அப்படித்தான். பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பாடசாலை இடாப்பில் இன்னொரு மாதிரி. தோட்டத்தில் யாரோ ஒருவர் தனக்குக் கேட்ட மாதிரி எழுதியதை நாம் இருபது வருஷமாகத் திருத்தாமல் வைத்திருக்கிறோம். கடிதம் வந்த பிறகு ஓடுவதை விட, காத்திருக்கிற இந்த மாதங்களில் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்துக்கும் போய்ச் சரி செய்துகொள்ளுங்கள்.

விண்ணப்பம் போடுகிற பிள்ளைகளுக்கு: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஒரு தடவை முழுக்க வாசியுங்கள். விருப்ப வரிசையில் உங்களுக்கு உண்மையாகவே எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். உங்கள் புள்ளிக்கு எட்டுகிற துறைகளில் நீங்கள் மேலே எழுதியதுதான் உங்களுக்கு வரும். "இது எனக்குக் கிடைக்காது" என்று நினைத்து எழுதாமல் விட்டால், கிடைக்கக்கூடியதும் கிடைக்காது. சில துறைகளுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை உண்டு, அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறதையும் மறக்காதீர்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், இங்கே கோணேசபுரியில் அதன் திருகோணமலை வளாகம். சித்த மருத்துவம் கூட இங்கே படிக்கலாம்.

முதல் பட்டியலில் பெயர் இல்லை என்றால் அத்தோடு முடிந்துவிடாது. இடம் கிடைத்தும் பதியாமல் விடுகிறவர்கள் இருப்பார்கள். அந்த வெற்றிடங்களைப் பிறகு நிரப்புவார்கள். அதனால் கொடுத்த போன் நம்பரை மாற்றாதீர்கள், விலாசத்தைச் சரியாக வையுங்கள். தோட்டத்து விலாசத்துக்கு வருகிற கடிதம் கந்தோரில் தூங்குவது நமக்குத் தெரியாத கதையா?

இனி வீட்டைப் பற்றி. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

என் மகள் 2021 ஆம் ஆண்டுப் பரீட்சையை எழுதினாள். கொரோனாவால் அது 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. ஆகஸ்டில் பெறுபேறு. பெற்றோல் வரிசையும் காஸ் வரிசையும் நின்ற வருஷம் அது, எங்களுக்கு வேலை ஒழுங்காக இல்லை. வெட்டுப்புள்ளி வந்த அன்று அவள் கேட்ட மருத்துவம் கொஞ்சத்தில் தவறிப் போனது. தசமத்துக்குப் பிறகு இரண்டாவது இலக்கத்தில்தான் வித்தியாசம். அவள் அழவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்காகத்தானே இந்த முதுகில் மூட்டை தூக்கினேன்" என்றேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் குழாயடிக்குப் போகவில்லை. போனால் யாராவது கேட்பார்கள், "என்ன பிள்ளை, கம்பஸ் கிடைச்சதா?" என்று. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஏழு பேர் கேட்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? என் மனைவிதான் ஒரு ராத்திரி என்னிடம் சொன்னாள், "மூட்டை தூக்கினது அவள் கேட்டா? நாம்தானே பெற்றோம்" என்று. மறுநாள் நான் மகளிடம் போய், நான் சொன்னது பிழை என்று சொன்னேன். ஒரு அப்பா அப்படிச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம் இல்லை. சொல்லலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்று தடவை எழுதலாம் என்பது விதி. அவள் இரண்டாம் தடவை 2023 தொடக்கத்தில் எழுதினாள். அந்தத் தடவையும் மருத்துவம் வரவில்லை. வேறு விஞ்ஞானத் துறை கிடைத்தது, இப்போது படிக்கிறாள். சந்தோஷமா என்று கேட்டால், "படிக்கிறேன் அப்பா" என்றுதான் சொல்வாள். அந்த வலி முழுக்கப் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

அதனால் பெற்றோருக்கு மூன்று விஷயம். பட்டியல் வருகிற நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். நீங்கள் பட்ட கஷ்டத்தை அன்றைக்குக் கணக்குக் காட்டாதீர்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருந்தால் "நடிப்பு" என்று விடாமல், ஆசிரியரிடமோ ஆஸ்பத்திரியிலோ கூட்டிப் போய்க் காட்டுங்கள். அயலவர்களுக்கு ஒரு விஷயம்: கேட்காதீர்கள். கிடைத்தால் அவர்களே சொல்வார்கள்.

கிடைக்காத பிள்ளைகளுக்கு வழி இல்லையா? கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. கொட்டகலையில் ஸ்ரீபாத கல்லூரி இருக்கிறது, அங்கே படித்து வந்த ஆசிரியர்கள் இன்று எத்தனையோ தோட்டப் பாடசாலைகளைத் தாங்குகிறார்கள். உயர் தொழில்நுட்ப நிறுவனங்களில் டிப்ளோமா உண்டு, திருகோணமலையிலும் இருக்கிறது. தாதியர் பயிற்சி, திறந்த பல்கலைக்கழகம், தொழிற்பயிற்சி எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை. பட்டியல் வந்த கையோடு, "பட்டம் தருகிறோம், வெளிநாடு அனுப்புகிறோம்" என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் நகையை அடகு வைக்காதீர்கள். முதலில் சங்கத்தில் வந்து கேளுங்கள்.

கிடைத்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மகாபொல புலமைப்பரிசிலுக்கும் உதவிப் பணத்துக்கும் உடனே விண்ணப்பியுங்கள். அது பிச்சை இல்லை, உங்கள் உரிமை. பகிடிவதை என்று யாராவது கை வைத்தால் மறைக்காதீர்கள். லீவில் வரும்போது உங்கள் பழைய பாடசாலைக்குப் போய், அடுத்து எழுதப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. 2021 இல் நாள் சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வருவதற்கு நாம் எத்தனை வருஷம் காத்திருந்தோம்? காத்திருப்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. நாம் தனித்தனியாகக் காத்திருக்கவில்லை, கூட்டமாகக் காத்திருந்தோம். அதனால்தான் தாங்க முடிந்தது. பிள்ளைகள் மட்டும் ஏன் ஒரு மூலையில் போனோடு தனியாகக் காத்திருக்க வேண்டும்? ஒவ்வொரு கிளைக் கந்தோரிலும் விண்ணப்பக் காலத்தில் ஒரு மேசை போடுங்கள். கைநூல் ஒன்று, விஷயம் தெரிந்த ஒருவர், பிரதி எடுக்கக் கொஞ்சம் காசு, அவ்வளவு போதும். திருகோணமலையில் அந்த மேசையில் உட்கார நான் தயார்.

சாப்பாடு தயாராகிவிட்டது என்று பின்னால் கை காட்டுகிறார்கள். இங்கே காத்திருக்கிற பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு என்னிடம் வாருங்கள். பெறுபேற்றுத் தாளை எடுத்து வாருங்கள், ஒன்றாக இருந்து பார்ப்போம்.