மருந்துக்கடையில் நின்ற பெண்மணி

(மாணவியர் கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



இந்த ஆண்டு வந்த மனுக்களில் டி.பார்ம், பி.பார்ம் படிப்புக்கானவை கூடுதல். ஆகவே ஒரு பெண் மருந்தாளுநரின் வாழ்க்கையைச் சொல்லலாம் என்று வந்தேன். நம் ஊர்க்காரர் அல்ல. அமெரிக்காவின் கறுப்பினப் பெண்மணி, எல்லா ஸ்டூவர்ட். ‘எல்லா’ என்பது அவர் பெயர்தான், அச்சுப்பிழை அல்ல.

1893-இல் வர்ஜீனியாவில் பிறந்தார். பெற்றோர் அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர்கள். படிப்புக்காகச் சிறு வயதிலேயே தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நன்றாகப் படித்த பிள்ளைக்கு இளம் வயதிலேயே திருமணம் ஆனது. ஒரே பெண் குழந்தை கக்குவான் இருமலில் போய்விட்டது. அந்த மணவாழ்க்கையும் நிலைக்கவில்லை.

நம் தெருவில் இப்படி ஒரு பெண் இருந்தால் என்ன பேசுவோம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். அங்கேதான் இந்தப் படிப்பின்மேல் ஆசை வந்தது. பல்கலைக்கழகத்தில் சேர்க்கை முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. 1916-இல் பட்டம் பெற்றார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் முடித்த முதல் கறுப்பினப் பெண் அவர். பென்சில்வேனியா மாநிலத்தில் உரிமமும் பெற்றார்.

1920-இல் மறுமணம். கணவர் வில்லியம் ஸ்டூவர்ட்டும் மருந்தாளுநர். 1922 ஜூலையில் இருவரும் ஒஹையோவின் டொலிடோ நகரில் கடை திறந்தார்கள். கீழே கடை, மாடியில் வீடு. கறுப்பினத்தவருக்கு விடுதிகளில் அறை கொடுக்காத காலம் அது. ஊருக்கு வந்த அறிஞர் டு போய்ஸ், பாடகி மரியன் ஆண்டர்சன் போன்றவர்கள் அந்த மாடியில்தான் தங்கினார்கள். 23 ஆண்டுகள் கடை நடந்தது.

இங்கே கொஞ்சம் மனம் விட்டுப் பேசுகிறேன். மருந்துக்கடையில் நிற்பது பெட்டியை எடுத்துக் கொடுக்கிற வேலை அல்ல. சீட்டைப் படித்து, அளவு சரிதானா, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு இது சேருமா, வயதானவருக்கு எப்போது சாப்பிடுவது என்று புரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால்தான் 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது. நம்மில் என்ன நடக்கிறது? பிள்ளை படித்து முடிக்கிறாள். சான்றிதழ் யாரோ ஒருவர் கடைச் சுவரில் தொங்குகிறது. மாதம் ஒரு தொகை வீட்டுக்கு வருகிறது. பிள்ளை அடுப்படியில் இருக்கிறாள். அந்தக் கடையில் தவறான மருந்து கொடுத்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியது சான்றிதழில் பெயர் உள்ள நம் பிள்ளைதான். சென்ற ஆண்டு ஒரு தகப்பனாரிடம் இதைச் சொன்னேன். “பாதுகாப்பான வருமானம்தானே பாய்” என்றார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவளுக்கு உதவித்தொகை கொடுத்தவர்கள் நாம்தான்.

ஸ்டூவர்ட் அம்மையார் 1945-இல் கடையை விற்றார். அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1948 முதல் 1952 வரை கறுப்பினப் பெண்களின் தேசியச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். 1961-இல் டொலிடோவில் ஒரு பள்ளிக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1987-இல், 94 வயதில் இறந்தார். அந்தப் பள்ளி பின்னர் பெண்பிள்ளைகளுக்கான பள்ளியாக மாறியது.

இந்த ஆண்டு முதல் மருந்தியல் மாணவியருக்கான படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: படித்து முடித்தபின் சான்றிதழை வாடகைக்கு விடுவதில்லை என்ற உறுதி. அதில் பிள்ளையும் கையெழுத்திட வேண்டும், வாப்பாவும் கையெழுத்திட வேண்டும். வேலைக்குப் போக பயமோ தயக்கமோ இருந்தால் உம்மாவோடு அலுவலகத்துக்கு வாருங்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு நான் அங்கேதான் இருப்பேன்.