நேரமும் தேர்வும் யார் கையில்?

என்னைவிட மூத்தவர்களும் இத்துறையை என்னைவிட ஆழமாகக் கற்றவர்களும் முன்வரிசையில் அமர்ந்திருக்க, நான் தலைமை நாற்காலியில் இருப்பது பெருமையாகவும் இருக்கிறது, சற்றுக் கலக்கமாகவும் இருக்கிறது. அழைக்கும்போதே அமைப்பாளர்கள் “உரை பொதுவாக இருக்கட்டும், சர்ச்சை வேண்டாம்” என்று அன்போடு கேட்டுக்கொண்டார்கள். முடிந்தவரை முயல்கிறேன்.

கருத்தரங்கின் தலைப்பு, “மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டக் குழுக்கள்: அமைப்பும் செயல்பாடும்.” அமைப்பைப் பற்றி இந்த அவைக்கு நான் சொல்லித் தெரியவேண்டியது எதுவுமில்லை. 1997 விதிமுறைகள் பாடங்களை ஒருங்கிணைக்கச் சொன்னதும், 2019இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து திறன்சார் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்ததும், அதையொட்டிக் கல்லூரிதோறும் பாடத்திட்டக் குழு அமைந்ததும், 2020 செப்டம்பரில் மருத்துவக் கவுன்சில் போய்த் தேசிய மருத்துவ ஆணையம் வந்ததும் நாம் கூடவே இருந்து பார்த்தவை. உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் தரநிலைகள் இந்தக் குழுவுக்குப் பொறுப்போடு அதிகாரமும் வேண்டும் என்கின்றன. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் எட்டாவது தரநிலை முழுவதும் பாடத்திட்ட மேலாண்மை பற்றியதே. இவற்றை விரித்துரைக்கப் பிற்பகல் அமர்வுகள் இருக்கின்றன. அங்கே பேசுவோரின் வேலையை நான் செய்துவிடக் கூடாது.

செயல்பாட்டுக்கு வருகிறேன். 1952இல் கிளீவ்லாந்து நகரின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி புதிய பாடத்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இதைச் சொன்னதும் இங்கே சிலர் புன்னகைப்பது தெரிகிறது. “இவர் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்” என்பது அந்தப் புன்னகையின் பொருள். ஆம், மறுபடியும்தான். ஏனென்றால் அந்தக் கதையில் பாதியைத்தான் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

நமக்குத் தெரிந்த பாதி இது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று தனித்தனியே நடத்தாமல், இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று உறுப்பு மண்டல வாரியாக நடத்தினார்கள். முதலாண்டு மாணவருக்கே ஒரு குடும்பத்தை ஒப்படைத்தார்கள். பல துறைகளுக்கும் பொதுவான ஆய்வகங்கள் அமைத்தார்கள். இதை எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. கிரீர் வில்லியம்ஸ் 1980இல் இந்தச் சோதனையையும் அதன் விளைவையும் பற்றித் தனி நூலே எழுதினார். நம் கருத்தரங்கக் கட்டுரைகளின் நூற்பட்டியலில் அந்த நூலை நான் அரிதாகவே பார்க்கிறேன். மறந்துபோன மறுபாதி அதில்தான் இருக்கிறது.

மறுபாதி அதிகாரம் பற்றியது. அங்கே துறைகளைக் கலைக்கவில்லை. ஆசிரியர் நியமனமும் ஆராய்ச்சியும் துறைகளிடமே இருந்தன. துறைகள் விட்டுக்கொடுத்தது, என்ன கற்பிப்பது, எப்போது கற்பிப்பது, எப்படிச் சோதிப்பது என்ற முடிவை. படிப்பை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பாடப்பொருளுக்கும் பல துறை ஆசிரியர்கள் சேர்ந்த குழு ஒன்று உண்டு. இதயம் பற்றிய வாரங்களில் யார் எதை எடுப்பது என்பதை அந்தக் குழு முடிவு செய்யும், துறைத்தலைவர் அல்ல. தேர்வும் துறைவாரியாக இல்லாமல் பொதுவாக நடந்தது. உறுப்பு மண்டலக் கால அட்டவணை இந்த ஏற்பாட்டின் விளைவு. நாமோ விளைவை மட்டும் எடுத்து வந்து, அதை விளைவித்த ஏற்பாட்டை அங்கேயே விட்டுவிட்டோம்.

மெக்மாஸ்டருக்கும் இதே கதிதான். 1969இல் முதல் மாணவர்களைச் சேர்த்த அந்தக் கனடியப் பள்ளியிலிருந்து, சிறு குழுக்களாக அமர்ந்து நோயாளியின் பிரச்சினையிலிருந்து கற்கும் முறையை உலகமே இறக்குமதி செய்தது. கல்விப் பொறுப்பைத் துறைகளுக்கு வெளியே ஒரு கல்விக் குழுவிடம் அவர்கள் கொடுத்திருந்ததை எத்தனை பேர் இறக்குமதி செய்தார்கள்?

என் மதிப்பிற்குரிய நண்பர் ஒருவர் இந்தக் கருத்தை இரண்டு வழிகளில் மறுத்து எழுதியிருக்கிறார். பெயர் சொல்லத் தேவையில்லை. அவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலாவதாக, வெஸ்டர்ன் ரிசர்வின் வெற்றி ஜோசப் வேர்ன் என்ற முதல்வரின் ஆளுமைக்குக் கிடைத்த வெற்றி என்றார். வேர்ன் பெரிய மனிதர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அவர் 1959இல் பதவி விலகினார். குழு முறை அவரோடு விலகிவிடவில்லை. ஒரு முதல்வரின் பெருமை அவர் போன பிறகும் எது நிற்கிறது என்பதில் இருக்கிறது. நம் ஊரில் நல்ல முதல்வர் மாற்றலாகிப் போனதும் அவர் தொடங்கிய ஒருங்கிணைந்த வகுப்பும் சேர்ந்தே மாற்றலாவதை நண்பரும் பார்த்திருப்பார்.

இரண்டாவதாக, அது காமன்வெல்த் நிதியத்தின் பணத்தில் நடந்த சிறிய கல்லூரி. ஒரு வகுப்பில் 150, 250 பேரை வைத்துக்கொண்டு திண்டாடும் நமக்கு அது பொருந்தாது என்றார். பொது ஆய்வகத்துக்குப் பணம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வினாத்தாளைத் துறைக்குப் பதில் குழு தயாரிப்பதற்கு எவ்வளவு செலவாகும்? ஒரு கூட்டமும் தேநீரும்தான். இங்கே இல்லாதது பணம் அல்ல, மனம்.

மறுபக்கம், துறைகளையே ஒழித்தால்தான் ஒருங்கிணைப்பு வரும் என்று முழங்கும் இளைய நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் என் பதில் வில்லியம்ஸின் அதே நூலில் இருக்கிறது. துறை ஒழியவில்லை, அதன் ஆட்சி எல்லைதான் சுருங்கியது.

நம் கல்லூரிகளுக்கு வருவோம். முதலாண்டில் இரத்தசோகையை ஒருங்கிணைத்து நடத்துகிறோம். உடலியங்கியலார் சிவப்பணு உருவாவதைச் சொல்கிறார். உயிர்வேதியியலார் இரும்புச்சத்தையும் ஹீமோகுளோபினையும் சொல்கிறார். பொது மருத்துவத் துறையிலிருந்து ஒருவர் வந்து நோயாளியைப் பற்றிச் சொல்கிறார். எல்லாம் முடிந்ததும் கடைசி வரிசை மாணவர் எழுந்து கேட்கிறார்: “சார், இது எந்தப் பேப்பர்ல வரும்?” அந்த மாணவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பாடத்திட்டத்தின் உண்மையான ஆட்சி எங்கே இருக்கிறது என்பதை நம் குழுவைவிட அவர் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறார். இங்கே கற்பிப்பது கல்லூரி. பட்டத் தேர்வை நடத்துவது இணைப்புப் பல்கலைக்கழகம். வினாத்தாள் பாடவாரியாக வருகிறது. எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை ஆணையம் விதித்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே பாடத்திட்டக் குழுவின் கையில் ஒரு சாவிக்கொத்து இருக்கிறது. ஆனால் எந்தப் பூட்டுக்கும் அது சேருவதில்லை.

ஸ்டீபன் ஆபிரகாம்சன் 1978இல் பாடத்திட்டத்துக்கு வரும் நோய்களைப் பட்டியலிட்டார். பாதி வேடிக்கையாக எழுதிய கட்டுரை அது. துறை எல்லைகள் கெட்டித்துப்போவதை ஒரு நோயாகவும், ஒரு பகுதி மட்டும் கட்டுப்பாடின்றி வளர்வதைப் புற்றுநோயாகவும் அதில் அவர் காட்டினார். அதை வாசித்துச் சிரிக்கும் நாம், நோய் கண்டறிந்தபின் சிகிச்சை செய்யும் உரிமை யாருக்கு என்று கேட்பதில்லை.

உரிமை இல்லாத குழு என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று. தன்பால் ஈர்ப்பைப் பிறழ்வாகக் காட்டும் பகுதிகள் தடயவியல் மருத்துவப் பாடத்திலும் நூல்களிலும் நெடுங்காலமாக இருந்தன. அவற்றைத் திருத்த வேண்டும் என்ற அழுத்தம் பாடத்திட்டக் குழுக்களிடமிருந்து வரவில்லை. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. அதன்பின் ஆணையம் பல்கலைக்கழகங்களுக்கும் நூலாசிரியர்களுக்கும் அறிவுரை அனுப்பியது. இருந்தும் 2024 ஆகஸ்ட் இறுதியில் வெளியான புதிய வழிகாட்டுதலில் அதே கருத்துகள் திரும்பி வந்தன. எதிர்ப்பு எழுந்தது, சில நாட்களில் ஆணையம் அதைத் திரும்பப் பெற்று, செப்டம்பரிலேயே திருத்தி வெளியிட்டது. நீதிமன்றமும் சமூக அமைப்புகளும் பேசிய அந்த நாட்களில் நம் குழுக்கள் என்ன பேசின? மேலிருந்து வருவதைக் கீழே அனுப்புவது அஞ்சலகத்தின் பணி. கல்விக் குழுவின் பணி அதுவன்று.

“விதிமுறை அப்படி, நாம் என்ன செய்ய முடியும்?” என்ற கேள்வி எழும். செய்ய முடியும். மணி நேரங்களின் எண்ணிக்கை ஆணையத்திடம் இருக்கலாம். எதற்குப் பின் எது என்ற வரிசை நம்மிடம் இருக்கிறது. பட்டத் தேர்வு பல்கலைக்கழகத்திடம் இருக்கலாம்; அக மதிப்பீடு நம்மிடம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அக மதிப்பீட்டின் ஒரு தாளையாவது துறைகளிடமிருந்து எடுத்துக் குழுவே தயாரிக்கட்டும். இரத்தசோகைக் கேள்வி அந்தத் தாளில் வரட்டும். குழுவில் மாணவர் அமரட்டும். அவர் பேசியதும் குறிப்பேட்டில் ஏறட்டும். ஆய்வுக்குழு வருகைக்கு முந்தைய வாரம் கையெழுத்து வாங்கும் குறிப்பேடு நமக்கு வேண்டாம்.

சர்ச்சை வேண்டாம் என்ற அமைப்பாளர்கள் என்னைப் பொறுத்தருள்வார்கள். இந்த இரண்டு நாட்களில் நீங்கள் கேட்கப்போகும் கட்டுரைகள் பலவும் உறுப்பினர் எண்ணிக்கையையும் கூட்ட எண்ணிக்கையையும் சொல்லும். ஒவ்வொரு கட்டுரையாளரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்குமாறு அவையை வேண்டுகிறேன்: “உங்கள் குழு எப்போதாவது ஒரு துறைத்தலைவரிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறதா? சொன்னது நடந்ததா?” ஆம் என்று பதில் வந்தால், அந்தக் கல்லூரியின் கூட்டக் குறிப்பை நகலெடுத்து நம் எல்லோருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். நமக்கு இப்போது வேண்டிய ஆய்வுச் சான்று அதுதான். இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.